முற்றம் இல்லாத வீட்டில் ஒரு சட்டி

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ரீச்சர், இது சமையல் வகுப்போ, சொற்பொழிவோ?" இரண்டும்தான் என்று சொன்னேன். முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். அடுப்படியை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. வாழ்க்கையை விட்டுவிட்டு அடுப்படியைப் பற்றிப் பேசவும் தெரியாது.

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு விருந்தைப் பற்றி. வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டு, மேசை நடுவில் ஒரு சட்டியை வைத்து, எல்லோரும் அந்த ஒரு சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிற விருந்து. சுவிற்சர்லாந்துக்காரர் அதை ஃபொண்டூ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் உருகியது என்று பொருள். உருகிய சீஸ், அதில் தோய்த்து எடுக்கிற பாண் துண்டு, சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர். அவ்வளவுதான் ஃபொண்டூ. அந்த விருந்தை, கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் வாழும் நாங்கள் ஏன் நடத்தவேண்டும், எப்படி நடத்தவேண்டும் என்பதுதான் என் பேச்சு.

ஏன் நடத்தவேண்டும்? அதற்கு உங்களை 2022ஆம் ஆண்டுக்கு அழைத்துப் போகவேண்டும்.

நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த மார்ச் மாதக் கடைசி. ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. காஸ் சிலிண்டருக்கு விடியப்புறம் வரிசை. நான் இருப்பது நாலாம் மாடி. லிஃப்ட் நின்றுவிட்டது. எங்கள் கட்டடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மொட்டைமாடிக்கு ஏறினோம். மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மூட்டினோம். முதல் நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சட்டி. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் விறகு போதவில்லை. அப்போது இரண்டாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்துத் தாய் சொன்னார்: "ஏன் டீச்சர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே சட்டியில ஆக்கினா என்ன?"

என்னிடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒடியல் மா இருந்தது. ஒருவர் நண்டு வாங்கி வந்தார். ஒருவர் பயிற்றங்காய் தந்தார். ஹற்றனிலிருந்து வந்து குடியிருக்கும் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார்கள். கீழ்மாடியில் இருக்கும் சிங்களத் தம்பதியர் பலாக்கொட்டை தந்தார்கள். அன்றைக்கு மொட்டைமாடியில் கூழ் காய்ச்சினோம். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கொழும்பு முழுக்க இருட்டு. பத்து வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் பெயர் தெரியாமல் இருந்தவர்களின் பெயரை அன்று இரவுதான் அறிந்துகொண்டேன்.

பிறகு என்ன நடந்தது? காஸ் வந்தது. மின்சாரம் வந்தது. லிஃப்ட் ஓடியது. எல்லோரும் மகிழ்ந்தோம். கதவுகள் மூடிக்கொண்டன. இரும்புக் கேற், அதற்குப் பின்னால் மரக்கதவு, அதற்குப் பின்னால் தொலைக்காட்சி. கூழ் காய்ச்சிய சட்டியை நான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது என் தங்கை கதைக்கு வருகிறேன். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் உலகம் முழுக்கச் சிதறினார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுவிற்சர்லாந்தில் இன்று ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். போன புதிதில் அவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்த வேலை உணவகச் சமையலறையில். கோப்பை கழுவத் தொடங்கி, காய் வெட்டி, பிறகு அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். சுவிஸ்காரரின் ஃபொண்டூவை, சுவிஸ்காரருக்கே, எங்கள் பொடியன்கள் துழாவிக் கொடுத்தார்கள். வீட்டில் கூழ் துழாவிப் பழகிய கை அது.

என் தங்கை பெர்ன் நகரத்தில் இருக்கிறாள். அங்கே சமயங்களின் இல்லம் என்று ஒன்று 2014 டிசெம்பரில் திறக்கப்பட்டது. சைவக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மையமும் ஒரே கூரையின் கீழ். அதைப் பற்றி அவள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். மின்வெட்டுக் காலம் முடிந்த பிறகு ஒரு டிசெம்பரில் அவள் வந்தபோது பெட்டியைத் திறந்தாள். எல்லோரும் சொக்கிளேற் எதிர்பார்த்தார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றி, ஒரு கனமான சட்டி வெளியே வந்தது. அதற்கு ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பு. ஆறு நீண்ட முள்ளுக்கரண்டி, ஒவ்வொன்றின் பிடியிலும் ஒவ்வொரு நிறம். "அக்கா, இது எங்கட கூழ் மாதிரித்தான். சனத்தைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

கூழ் மாதிரித்தானா? அவள் சொன்னதை நான் சோதித்துப் பார்த்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒடியல் கூழ் என்றால் என்ன? பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது அவிக்காதது. அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி ஊறவிட்டுக் கசப்பை எடுக்கவேண்டும். பெரிய பானையில் ஒரு பிடி சிவப்பு அரிசி. பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். பிறகு மீன் தலை, நண்டு, இறால், கணவாய். செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு. பழப்புளி. கடைசியில் கரைத்த ஒடியல் மாவை ஊற்றித் துழாவத் துழாவ, தண்ணீராக ஓடிய குழம்பு தடித்து ஒன்றுசேரும். இறக்குமுன் ஒரு கை முருங்கை இலை.

அதைக் குடிக்கிற விதம் இருக்கிறதே! முற்றத்தில் பானை. பானையைச் சுற்றி வட்டமாக மனிதர். பனையோலையை மடித்துப் பிளா. ஒரு கையில் பிளா, மறுகையில் தேங்காய்ச் சொட்டு. அகப்பையை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றுவார். மத்தியான வெயிலில், கொதிக்கக் கொதிக்க, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, "இன்னும் ஒண்டு" என்று பிளாவை நீட்டுவோம். யாழ்ப்பாணத்தில் யாரும் தனியாக இருந்து கூழ் குடித்ததை நான் கண்டதில்லை. ஒருவருக்கு மட்டும் கூழ் காய்ச்ச முடியாது. அளவு வராது. கூழ் என்றாலே ஆட்கள்.

ஃபொண்டூவும் அதேதான் அன்பர்களே. கூழில் ஒடியல் மா செய்கிற வேலையை அங்கே சோளமா செய்கிறது. கூழில் பழப்புளிக்கு இருக்கிற இடம் அங்கே வெள்ளை வைனுக்கு. அந்தப் புளிப்புக்கு வேலை ருசி மட்டுமல்ல. சீசில் உள்ள புரதத்தைக் கல்சியம் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. வைனில் உள்ள அமிலம் அந்தக் கல்சியத்தைப் பிரித்தெடுக்கும். பிடி தளர்ந்ததும் புரதம் கரைந்து, கொழுப்பையும் தண்ணீரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சட்டிக்குள் பட்டுப்போல் ஒரு குழம்பு. புளிப்பு இல்லாவிட்டால்? சீஸ் ஒருபுறம் இறப்பர் மாதிரித் திரளும், எண்ணெய் ஒருபுறம் மிதக்கும்.

ஃபொண்டூ எவ்வளவு பழையது? 1699ஆம் ஆண்டு சூரிச் நகரத்துச் சமையல் கையெழுத்துப்படி ஒன்றில் சீசை வைனோடு சேர்த்துச் சமைக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதைச் சுவிற்சர்லாந்தின் தேசிய உணவாக்கியது யார் தெரியுமா? 1914இல் அமைந்த சீஸ் ஒன்றியம். விற்காமல் கிடந்த சீசை விற்பதற்காக 1930களில் அவர்கள் ஃபொண்டூவை நாடு முழுக்கப் பரப்பினார்கள். பிறகு 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அது அமெரிக்கரின் கைக்கும் போனது. வியாபாரிகள் பரப்பிய உணவுதானே என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வியாபாரி சட்டியை விற்கலாம். அதைச் சுற்றி மனிதரை உட்காரவைக்க அவனால் முடியாது. அதை வீட்டுக்காரர்தான் செய்யவேண்டும். சுவிஸ் வீடுகள் அதைச் செய்தன. ஒன்றியம் 1999இல் கலைந்துவிட்டது. சட்டி இன்றைக்கும் மேசையில் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைகளில் முக்கோணத் துண்டாக, தகடு சுற்றி விற்கிற சீஸ் இருக்கிறதல்லவா? பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறோமே, அது. அப்படிப்பட்ட பதப்படுத்திய சீசை முதலில் செய்தவர்கள் சுவிற்சர்லாந்தின் தூன் நகரத்தைச் சேர்ந்த வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர். ஆண்டு 1911. வைனுக்குப் பதில் சிற்றிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்தார்கள். தேசிக்காயின் புளிப்பும் அதே அமிலம்தான். ஏன் செய்தார்கள்? சூடான நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் கெடாமல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. எங்களைப் போன்ற நாடுகளுக்காக! ஃபொண்டூவின் பிள்ளை ஒன்று எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி. சட்டி வந்தது, சீஸ் வந்தது. ஆட்களைக் கூப்பிட்டேன். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர், மச்சம் தொடாத சைவக்காரர், எனக்கு மூத்த சகோதரி போன்றவர். வந்தார். மேசையைப் பார்த்தார். ஒரே சட்டி, ஆறு முள்ளு. மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, எல்லாரும் ஒரே சட்டிக்குள்ள விட்டு எடுத்தா எச்சில் எல்லோ?"

எச்சில்! இந்த ஒரு சொல்லில்தான் என் பேச்சின் நடுப்பகுதி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சுத்தம் பார்ப்பது தவறல்ல. அதற்குச் சுவிஸ்காரரிடமே பதில் இருக்கிறது. முள்ளில் குத்திய பாணைச் சட்டியில் தோய்த்து எடுத்து, தன் கோப்பைக்கு மேலே பிடித்து, பாணை மட்டும் பல்லால் உருவி எடுக்கவேண்டும். உதடும் நாக்கும் முள்ளில் படக்கூடாது. அதுவும் வேண்டாம் என்றால் பாணைக் கோப்பையில் தள்ளிவிட்டு வேறொரு முள்ளால் சாப்பிடலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது வழிதான். எல்லோருக்கும் மனம் இலேசாக இருந்தது. அண்ணாந்து செம்பில் தண்ணீர் குடிக்கத் தெரிந்த இனம் நாங்கள். இது எங்களுக்குக் கஷ்டமா?

ஆனால் எச்சில் என்ற சொல்லைச் சுத்தத்துக்கு மட்டுமா நாங்கள் பயன்படுத்தினோம்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். யார் யாரோடு இருந்து சாப்பிடலாம், யாருக்குக் கிளாசில் தேத்தண்ணீர், யாருக்குச் சிரட்டையில் தேத்தண்ணீர் என்று பிரிப்பதற்கும் அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்தோம் அல்லவா? நான் பாடிப் புகழ்ந்த அந்தக் கூழ்ப் பானையைச் சுற்றி எல்லோரும் உட்காரவில்லை. முற்றத்தில் இருந்தவர் சிலர். வேலிக்கு வெளியே பிளா நீட்டியவர் சிலர். சின்னப் பிள்ளையாக நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லாமல் கூழின் இனிமையை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

அதை மாற்ற எத்தனை பேர் பாடுபட்டார்கள்! 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள், தங்கள் மாநாடுகளில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக இருந்து உண்ணும் சமபோசனத்தை நடத்தினார்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் அவர்களே. பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாங்கு என்று விதி வந்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில், அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதற்காக! 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைக்குள் போய் வாங்கில் இருந்து கிளாசில் குடிப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனவர்கள் கேட்டது என்ன? தங்கமா? காணியா? மற்ற மனிதரைப் போல ஒரு கிளாஸ் தேத்தண்ணீர்!

அதனால்தான் சொல்கிறேன், ஒரு சட்டியைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

எங்கள் பக்கத்து வீட்டைப் பாருங்கள். இலங்கை முஸ்லிம் மக்களின் கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சஹன் என்ற பெரிய தட்டில் சோறு வரும். அதைச் சுற்றி ஆறு பேர். அந்த ஒரே சஹனிலிருந்து ஆறு கையும் எடுக்கும். முதலாளியும் தொழிலாளியும் ஒரே சஹனில். அப்படி ஒரு கலியாணத்தில் என் பக்கத்தில் இருந்த பெண் தன் முன்னால் இருந்த இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். "நீங்க எடுங்க டீச்சர்" என்றாள். நான் அன்றைக்கு முதன்முறை அவளைப் பார்த்தேன். தனித்தனிக் கோப்பையில் சாப்பிட்டிருந்தால் அந்தத் துண்டு என்னிடம் வந்திருக்குமா?

இனி எப்படி நடத்துவது என்ற பகுதி. மாணவிகளே, கொப்பி இருந்தால் எடுங்கள்.

முதலில் ஆட்கள். ஒரு சட்டிக்கு ஆறு பேர். அதற்கு மேல் வேண்டாம். கை எட்டாது, ஒருவர் கரண்டி மற்றவர் கரண்டியோடு சிக்கும். எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தால் அது இரவுச் சாப்பாடு. ஒருவரையாவது புதிதாகக் கூப்பிடுங்கள். லிஃப்டில் தினமும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறோமே, அவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது சீஸ். சுவிஸ்காரர் ஒருவருக்கு 200 கிராம் என்று கணக்கு வைக்கிறார்கள். கிருயேர் பாதி, வாஷ்ரான் பாதி. அது பனி பெய்கிற நாட்டுக் கணக்கு. எங்களுக்கு 120 கிராம் தாராளம். கிருயேர் விலை எங்கள் கைக்கு எட்டாது. செடாரும் கூடாவும் கொழும்பில் கிடைக்கின்றன, அவை போதும். பனீர் வேண்டாம், அது உருகாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள்.

இங்கே சைவக்காரருக்கு ஒரு முக்கியமான செய்தி. நான் பட்டு அறிந்தது. பாலைத் திரைய வைக்க ரெனெற் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். கிருயேர் போன்ற பழைய முறைச் சீசுக்கு அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அன்றைக்கு என் தங்கை கொண்டுவந்தது அந்தச் சீஸ். மூன்றாம் மாடி அம்மா எச்சில் பயம் தீர்ந்து முள்ளைக் கையில் எடுத்த நேரம், எனக்கு அது நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவளுக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா? "அக்கா, பொறுங்கோ" என்று கையைப் பிடித்தேன். சொன்னேன். அவர் முள்ளைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. அவித்த உருளைக்கிழங்கை உப்பும் மிளகுத்தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தாவர வகை ரெனெற், நுண்ணுயிர் வகை ரெனெற் என்று இருந்தால் சைவக்காரருக்கு ஏற்றது. விருந்துக்குக் கூப்பிடுகிறவர் அதைக் கடையிலேயே பார்த்துவிடவேண்டும்.

வைன் வேண்டாத வீடுகள் எங்களில் அதிகம். கவலை வேண்டாம். புளிப்புத்தான் தேவை என்று சொன்னேன் அல்லவா? 400 கிராம் சீசுக்கு 200 மில்லிலீற்றர் காய்கறி அவித்த தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி, ஒரு மேசைக்கரண்டி சோளமா. துருவிய சீசில் சோளமாவைப் பிசறி வைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் உட்புறம் முழுக்க ஒரு பல்லு உள்ளியை வெட்டித் தேயுங்கள். தண்ணீரும் தேசிப்புளியும் சூடாகி ஆவி வரும்போது சீசைக் கை கையாகப் போட்டு, எட்டுப் போடுவது போலத் துழாவுங்கள். கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் திரைந்துபோகும். கடைசியில் கொஞ்சம் சாதிக்காய், கொஞ்சம் மிளகு. எங்கள் வீட்டில் பச்சைமிளகாய் பொடிப்பொடியாக அரிந்து போட்டேன். தங்கையின் மகன், அங்கேயே பிறந்த பிள்ளை, "பெரியம்மா, சுவிசில இப்பிடிச் செய்தா பிடிச்சுக்கொண்டு போவாங்கள்" என்று சிரித்தான். இரண்டு முறை எடுத்தான்.

பாண் பற்றி எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. அச்சுப் பாண் வேண்டாம், சட்டிக்குள் கரைந்துபோகும். மாலையில் பேக்கரியிலிருந்து வருகிற ரோஸ்ட் பாண்தான் சரி. ஒருநாள் பழையதாக இருந்தால் இன்னும் சரி. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோல் இருக்கவேண்டும். முள்ளு உள்ளே போய்த் தோலைத் துளைத்து நிற்கவேண்டும், அப்போதுதான் பாண் விழாது. பாண் மட்டுமா? அவித்த உருளைக்கிழங்கு, கோலிபிளவர், கரட். எங்கள் வீட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தேன். முதலில் முடிந்தது அதுதான்.

சட்டிக்கு வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. அடி தடித்த மண்சட்டி போதும். புதுச்சட்டி என்றால் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் மாறும். மன்னியுங்கள். ஸ்பிரிட் அடுப்பு எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ அதற்குள் மறுபடி ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. அணைந்துவிட்டது போலத் தெரியும். அந்தச் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஊற்றினால் நெருப்புப் போத்தல் வரை பாயும். அணைத்து, முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்றவேண்டும். மேசைவிரிப்பு வேண்டாம். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். மேலே மின்விசிறி சுற்றினால் சுவாலை ஆடும், நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஸ்பிரிட் அடுப்பே வேண்டாம். மின்சாரச் சூட்டுத்தட்டு ஒன்றை மேசை நடுவில் வைத்து, ஆகக் குறைந்த சூட்டில் விடுங்கள்.

மின்விசிறியை நிறுத்தினால் கொழும்பு வெக்கையில் எப்படி இருப்பது என்கிறீர்களா? மத்தியான வெயிலில் சுடுகூழ் குடித்து வியர்த்த பரம்பரை இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? மழை பெய்கிற ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். யன்னல்களைத் திறவுங்கள். மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளுக்குக் கடற்காற்று வரும். காலி வீதிப் பக்கம் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

என்ன குடிப்பது? குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குள் சீஸ் கல்லாகிவிடும் என்று சுவிஸ்காரர் பயப்படுவார்கள். வைன் குடிப்பதா, தேநீர் குடிப்பதா என்பது அவர்களுக்குள் தீராத வாதம். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் இருபது பேருக்கு ஃபொண்டூ கொடுத்து, பாதிப் பேருக்கு வைனும் மீதிப் பேருக்குக் கறுப்புத் தேநீரும் கொடுத்து, பிறகு மாற்றியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. வைன் குடித்தபோது வயிறு காலியாக அதிக நேரம் பிடித்தது. வைனால் வயிற்று உபாதை எதுவும் கூடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் கறுப்புத் தேநீர்! எங்கள் பிளேன்டீ! மலையகத்துப் பெண்களின் விரல் கிள்ளிய கொழுந்து! அதைவிட நல்ல பானம் இந்த மேசைக்கு எங்கே கிடைக்கும்? இஞ்சி தட்டிப் போட்டு, சீனி குறைத்துக் கொடுங்கள்.

பாண் துண்டைச் சட்டிக்குள் தவறவிட்டவருக்குத் தண்டனை உண்டு. சுவிசில் ஒரு போத்தல் வாங்கிக் கொடுக்கவேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரை முத்தமிடவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பாட்டுப் பாடவேண்டும். கீழ்மாடிச் சிங்கள ஐயா பாணைத் தவறவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய சிங்களப் பாட்டுப் பாடினார். இரண்டாம் மாடித் தாய்க்கு அது முழுக்கத் தெரிந்திருந்தது. கூடச் சேர்ந்து பாடினார். அந்த இரண்டு பேரும் அதற்கு முதல் வாகனம் நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டைபிடித்தவர்கள்.

அன்பர்களே, சட்டி அவசரப்படுத்தாது. ஒரு துண்டு தோய்க்கவேண்டும், சொட்டவிடவேண்டும், ஆறவேண்டும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் தோய்ப்பார். அவர் முடியும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும்போது என்ன செய்வீர்கள்? பேசுவீர்கள். தொலைபேசியை எடுக்க முடியாது, கையில் முள்ளு இருக்கிறது. புபே மேசையில் கோப்பையை நிரப்பிக்கொண்டு மூலைக்குப் போகிறவரை நிறுத்தி உட்காரவைக்க என்னால் முடியாது. இந்தச் சட்டியால் முடியும்.

மூன்றாம் மாடி அம்மாவின் கதையை முடிக்காமல் விட்டேன். தங்கை திரும்பிப் போன பிறகு, ஒரு மழைநாள், நானே பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்கிய செடாரில், தேசிப்புளி விட்டு, மறுபடி காய்ச்சினேன். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, பெட்டியைக் காட்டி, "அக்கா, நீங்களே வாசியுங்கோ" என்றேன். கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். வந்தார். முதல் பாணை அவர்தான் தோய்த்தார். சட்டி முடிகிற நேரம் அடியில் பொன்னிறமாக ஒரு தகடு ஒட்டியிருக்கும். பிரெஞ்சு பேசுகிற சுவிஸ்காரர் அதற்குக் கன்னியாஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேசையில் இருப்பவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. "பால் காய்ச்சின சட்டியை நாங்கள் சுரண்டுறேல்லையோ, தாங்கோ" என்று அகப்பையை அவர் வாங்கிக்கொண்டார். சுரண்டிச் சுரண்டி ஆறு துண்டாக்கி, தன் கையால் ஒவ்வொருவர் கோப்பையிலும் வைத்தார். ஹற்றன் பிள்ளைகளின் கோப்பையிலும். இரண்டாம் மாடித் தாயின் கோப்பையிலும்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார், அடுத்த சட்டி தன் வீட்டில் என்று. மீன், நண்டு இல்லாத சைவக் கூழ். தளபாடங்களை ஒதுக்கிவிட்டு விறாந்தையில் பாய் விரிக்கப் போகிறாராம். ஓலைக்கு ஆள் பிடித்துவிட்டார். ஒடியல் மா யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறது. விடியக் காலை காலி வீதியில் நின்று அதை இறக்குகிற பொறுப்பு என்னுடையது. எனக்கு உத்தரவு தாருங்கள்.